கயிறு பிடிக்கும் கை: முத்துக்குளித்துறையில் தொலைவழி மனநல சிகிச்சை

சுறா பயம் இல்லாத குளியாளி கிடையாது. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் எனும் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், தோணிகளைப் பதிவது, முத்துச்சிப்பி கிடக்கும் பாருக்கு எல்லை குறிப்பது, காவல் போடுவது ஆகிய ஏற்பாடுகளோடு ‘கடல்கட்டி’ என்பவரையும் அமர்த்துவார்கள். தோணிகள் பாருக்குப் போய்விடும். அவர் கரையில் இருந்தபடி மந்திரம் சொல்லிச் சுறாக்களின் வாயைக் கட்டுவார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றிச் சொன்ன மார்கோ போலோ, இப்படிக் கட்டுபவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி என்கிறார். அந்தக் கட்டு அன்றைய பகலுக்கு மட்டும்தான், இரவில் அவிழ்த்துவிடுவார்கள் என்றும் சொல்கிறார். அறுநூறு ஆண்டுகள் கழித்தும் அந்த வழக்கம் மாறவில்லை. 1880களின் இறுதியில் தூத்துக்குடிச் சலாபத்தைப் பார்த்து எழுதிய எட்கர் தர்ஸ்டனின் குறிப்புகளிலும் கடல்கட்டி வருகிறார். பிரிட்டிஷ் அரசு அவருக்குக் கூலி கொடுத்ததற்குக் காரணம் எளியது: அவர் கரையில் இல்லாவிட்டால் குளியாளிகள் கடலில் இறங்க மறுத்தார்கள். அந்தக் குளியாளிகளில் பெரும்பாலோர் 1530களில் கத்தோலிக்கம் தழுவிய பரதவர்களும் கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும்தான். மதம் மாறியும் அச்சம் மாறவில்லை. அச்சத்துக்குத் துணை தேடும் வழக்கமும் மாறவில்லை.

கடலுக்குள் இருப்பவரின் மனத்துக்குப் பல மைல் தள்ளிக் கரையில் இருப்பவர் துணை நிற்பது இந்தக் கரைக்குப் பழக்கமான ஏற்பாடு. அதற்கு அரசு பணம் செலவழித்ததும் பழைய செய்தி. ஆனால் கடல்கட்டியை மட்டும் நம்பி எவரும் முங்கியதில்லை. தோணியில் இன்னொருவர் இருந்தார். கல்லைக் காலில் கட்டி அடியில் இறங்கும் குளியாளியின் கயிற்றைப் பிடித்திருப்பவர் அவர். கீழிருந்து கயிறு அசைந்தால் அந்தக் கணமே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் இன்றும் சொல்வார்கள். கூடப் பிறந்தவளின் தாலி தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பில் அந்தக் கை தளராதாம்.

தொலைபேசி வழியாகவும் காணொளி வழியாகவும் மனநல சிகிச்சையைக் கடைக்கோடி மக்களுக்குக் கொண்டுபோவது பற்றி இன்று நிறையப் பேசுகிறோம். உலகில் அது பலித்த இடங்களைத் தேடிப் படித்தபோது ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. திரையில் தெரிந்த மருத்துவரை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளைப் பற்றி ஓரிரு வரிதான் இருக்கும். பலன் எங்கெல்லாம் நிலைத்ததோ அங்கெல்லாம் அந்த ஆள் இருந்திருக்கிறார். தூத்துக்குடிக் கரைக்கு இன்று போதாமல் இருப்பது அந்த ஆள்தான் என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்ல முயல்கிறது.

தொலைவிலிருந்து மருத்துவம் பார்ப்பது முதலில் கடலோடிகளுக்காகத்தான் அமைப்பாக வளர்ந்தது. 1935இல் ரோம் நகரில் குய்தோ குய்தா என்ற மருத்துவர் ‘சர்வதேச வானொலி மருத்துவ மைய’த்தை நிறுவினார். நடுக்கடலில் ஒரு மாலுமிக்கு வயிற்றுவலி என்றால் கப்பலிலிருந்து தந்தி வரும். ரோமிலிருந்து மருத்துவர் பதில் சொல்வார். கப்பல் அதிகாரி ஒருவர் மருந்துப் பெட்டியைத் திறந்து அதன்படி செய்வார். மனநலத்துக்கு இது வர இன்னும் கால்நூற்றாண்டு ஆயிற்று. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மனநல நிறுவனத்தில் சிசில் விட்சன் குழுவினர் இருவழித் தொலைக்காட்சி மூலம் குழு சிகிச்சை நடத்திப் பார்த்தார்கள். 1964இல் 112 மைல் தள்ளியிருந்த நார்ஃபோக் மாநில மருத்துவமனையோடு இணைப்பு ஏற்படுத்தினார்கள். இந்த இரண்டிலும் மறுமுனையில் பொறுப்பான ஒருவர் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்: கப்பலில் அதிகாரி, நார்ஃபோக்கில் மருத்துவமனை ஊழியர்கள்.

இப்போது வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வருவோம். 1974 ஜூலையில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே கட்டியிருக்கும் சரக்குக் கப்பலில் வேலை செய்யும் மாலுமிக்கு, அவர் எந்த நாட்டவராக இருந்தாலும், கடலில் இருக்கும்போது 24 மணி நேரமும் இலவச வானொலி மருத்துவ ஆலோசனை பெறும் உரிமை இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அதை எழுதிவைத்திருக்கிறது; அது 2013இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்டது. அதே துறைமுகச் சுவரைத் தாண்டி விசைப்படகிலும் நாட்டுப்படகிலும் போகும் மீனவரை அந்த உடன்படிக்கை சேர்க்கவில்லை. அவர்களுக்கென 2007இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 188ஆம் எண் உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. ஒரே தண்ணீரில் இரண்டு மனிதர்கள். ஒருவரின் நெஞ்சு படபடப்புக்குக் கேட்க ஆள் இருக்கிறது. மற்றவருக்குக் கரையிலிருந்து சில கடல்மைல் போனதும் கைப்பேசியில் சிக்னலே அறுந்துவிடுகிறது.

தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரை 163.5 கிலோமீட்டர். வடக்கே வேம்பாரில் தொடங்கி கீழவைப்பாறு, சிப்பிகுளம், தருவைகுளம், திரேஸ்புரம், பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம், அமலிநகர், ஆலந்தலை, மணப்பாடு என்று பெரியதாழை வரை நீள்கிறது. 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை சுமார் பதினேழரை லட்சம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நகரத்தில் இருக்கிறது. வேம்பாரிலிருந்தோ பெரியதாழையிலிருந்தோ அங்கே வந்துபோக ஒரு முழுநாள் கூலி போய்விடும். துணைக்கு வருபவரின் கூலியையும் சேர்த்தால் இரண்டு நாள் கூலி. மனநோய்க்கு மாதாமாதம் வர வேண்டும்.

முத்து இந்தக் கரையில் பழங்கதையாகிவிட்டது. அரசு நடத்திய கடைசிச் சலாபம் 1961இல். ஆனால் சங்குகுளி இன்னும் இருக்கிறது. அந்த மீனவர்கள் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து வரும் ரப்பர் குழாயின் காற்றை நம்பிக் கடலடியில் நடக்கிறார்கள். அதிக நேரம் ஆழத்தில் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி தங்கி, கைகால் விளங்காமல் போகலாம். உயிரும் போகலாம். அது தெரிந்தே மறுநாள் காலையில் இறங்குகிறார்கள்.

கடலில் காணாமல் போவது இன்னொரு வகைத் துயரம். 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கிப் புயல் தென்கடலைப் புரட்டியபோது, பெரும்பாலும் குமரிக் கரையிலிருந்தும் கேரளக் கரையிலிருந்தும் போன மீனவர்கள் பலர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் அடக்கம் இல்லை. அடக்கம் இல்லாமல் துக்கமும் முடிவதில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளப் பொதுச் சட்டம் ஏழாண்டு காத்திருக்கச் சொல்கிறது. அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் மனைவியரோடு வேலை செய்தபோது இத்தகைய இழப்புக்குத் தனிக் கோட்பாடு ஒன்றை உருவாக்கினார். அவர் சொல்வதன் சாரம்: இந்தத் துயரத்தில் தேங்கி நிற்பது அந்தப் பெண்ணின் மனக்கோளாறு ஆகாது, இழப்பே முடிவில்லாததாக இருக்கிறது, ஆகவே குடும்பத்தையும் ஊரையும் சேர்த்து வைத்துத்தான் அவளுக்கு உதவ முடியும். கரையோர ஊர்களில் இதைப் புத்தகம் படிக்காமலே அறிந்த கிழவிகள் உண்டு. படகு வராத வீட்டில் அவர்கள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள், எழுந்து வர நாளாகும்.

பிடிபடும் மீனவர் குடும்பங்களும் இப்படித்தான் தவிக்கின்றன. 2023 அக்டோபரில் தருவைகுளத்து மீனவர் 12 பேரை மாலத்தீவுக் கடலோரக் காவல்படை பிடித்துப்போனது. ஆள் வீடு திரும்பினாலும் படகு அங்கேயே நின்றுவிட்டால் வட்டிக் கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

தொலைவு எவ்வளவு கொடியது என்பதற்கு இதே மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு சாட்சி இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி. தர்காவை நம்பி மனநோயாளிகளை அழைத்துவந்த குடும்பங்கள், கூட இருக்க முடியாமல், சுற்றியிருந்த தனியார் காப்பகங்களில் விட்டுவிட்டுப் போவார்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அவற்றில் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் எரிந்து இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன, உள்ளே இருந்தவர்கள் மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஊரில் மருத்துவர் இல்லை. மருந்து இல்லை. இரவு முழுக்கத் தூங்காமல் கத்தும் மகனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. தர்கா ஒன்றுதான் கதவு திறந்திருந்தது.

அந்த இடைவெளியைத் தொழில்நுட்பத்தால் நிரப்பத் தமிழ்நாட்டில் நடந்த முயற்சிகளில் நான் மிகவும் மதிப்பது சென்னையின் ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம் செய்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்ட டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் அது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலோர ஊர்களுக்குக் காணொளி வழியாக மருத்துவரைக் கொண்டுபோகும் வேலையில் இறங்கிய அவர்கள், 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஓடவிட்டார்கள். டாக்டர் ஆர். தாராவும் சுஜித் ஜானும் அந்த அனுபவத்தை விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

பேருந்துக்குள் ஒரு சிறிய ஆலோசனை அறை, அதில் ஒரு திரை, இன்னொரு மூலையில் மருந்துக் கடை. சென்னையில் மனநல மருத்துவர் திரை முன் உட்கார்ந்திருப்பார். பேருந்தில் நோயாளியும் வீட்டாரும், கூடவே ஸ்கார்ஃப் பணியாளரும் இருப்பார்கள். மருத்துவர் எழுதும் மருந்து அந்த வண்டியிலேயே இலவசமாகக் கிடைத்துவிடும். நோயாளி இறங்குவதற்குள் மாத்திரை அவர் கையில் இருக்கும். காத்திருக்கும் கூட்டத்துக்கு வெளியே மனநோய் பற்றிய படம் ஓடும். வண்டி போனபின் உள்ளூர்ப் பணியாளர் வீடு வீடாகப் போவார்: மாத்திரை சாப்பிடுகிறாரா, கை நடுக்கம் இருக்கிறதா, அடுத்த முறை வருவாரா? இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் திரையைத்தான் படம் பிடிப்பார்கள். எனக்கு அந்த மருந்து மூலையும் வீட்டுக்குப் போகும் பணியாளரின் நடையும்தான் அதன் உயிர் என்று தோன்றுகிறது. மனச்சிதைவு உள்ள ஒருவர் மருந்து வாங்க இன்னும் பத்துக் கிலோமீட்டர் போக வேண்டுமென்றால், திரையில் எவ்வளவு நல்ல மருத்துவர் தெரிந்தும் பயனில்லை.

அரசின் பெரிய முயற்சி அதன் பின் வந்தது. 2022 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ‘டெலி-மானஸ்’, அதே ஆண்டு அக்டோபர் 10, உலக மனநல நாளில் தொடங்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் வழிநடத்துகிறது. தமிழ்நாட்டில் அது ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்குகிறது. 14416 என்ற எண்ணை எந்த நேரத்தில் அழைத்தாலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் கேட்பார். அவரால் இயலாததை மனநல மருத்துவருக்கோ மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ அனுப்புவார். 2024 அக்டோபரில் காணொளி ஆலோசனையும் சேர்க்கப்பட்டது. அதை முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2022இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தோர் 19,834 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிட்டது; மகாராட்டிரத்துக்கு அடுத்து இதுவே நாட்டில் மிக அதிகம். இப்படிப்பட்ட மாநிலத்தில் இரவு இரண்டு மணிக்கு எடுத்துப் பேச ஒரு குரல் இருப்பது பெரிய காரியம். இதைப் படிப்பவர் எவருக்காவது, அல்லது அவர் வீட்டில் எவருக்காவது, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துபோகிறதென்றால் அந்த எண்ணை இப்போதே அழைக்கலாம்.

இனி, அந்த அழைப்பு உப்பளத்திலிருந்து போவதாக வைத்துக்கொள்வோம்.

நாட்டில் அதிகமாக உப்பு விளையும் இடங்களில் ஒன்று இந்த மாவட்டம். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டியிருப்பதால் பாத்தியில் வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். பலகையால் உப்பை வாரி வரப்பில் ஏற்றும் பெண்ணின் கையில் உப்புத் தண்ணீர் காய்ந்து தோல் வெடித்திருக்கும், பாதமும் அப்படித்தான். கைப்பேசியைப் பாலித்தீன் பையில் சுற்றிச் சாப்பாட்டுத் தூக்கோடு தூரத்தில் வைத்திருப்பார். ஆலோசகர் திருப்பி அழைக்கும் நேரத்தில் அவர் முழங்கால் வரை உப்புநீரில் நிற்கலாம். வீட்டுக்கு வந்தபின் பேசலாமே என்றால், வீடு ஒற்றை அறை. கணவர் திண்ணையில். மாமியார் அடுப்படியில். பையன் அதே கைப்பேசியில் பாடம் பார்க்கிறான். “எனக்கு வாழப் பிடிக்கல” என்று அவர் எந்த மூலையில் நின்று சொல்வார்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் முக்கால்வாசிப் பேரிடம் தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி இருக்கிறது. இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு. மீதிக் கால்வாசிப் பெண்களுக்கு அந்த எண் வேறொருவர் கையில் இருக்கும் கருவிக்குள் இருக்கிறது. அந்த வேறொருவரே அவர் துயரத்துக்குக் காரணமாகவும் இருக்கலாம்.

சிகிச்சைக்கு அறை வேண்டும் என்பதை நாம் மறந்தேவிட்டோம். மருத்துவமனையில் சுவரும் கதவும் இயல்பாகவே கிடைத்துவிடுவதால் அதன் அருமை தெரியவில்லை. தொலைவழிச் சிகிச்சையில் நோயாளியே அதைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நெருக்கி நெருக்கி வீடு கட்டிய மீனவர் தெருவில் ஓர் ஆணுக்குக் கடற்கரை இருக்கிறது. படகு மறைவில் உட்கார்ந்து பேசலாம். பெண்ணுக்கு அதுவும் இல்லை.

நம்பிக்கையின்மையும் தடுக்கிறது. 2018 மே 22, 23 தேதிகளில் இந்த நகரத்தில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துப் போனவர்கள்மீது போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அந்தச் சம்பவங்களைக் கண்ட, கேட்ட, உறவினரைப் பறிகொடுத்த ஒருவர், அரசின் எண்ணை அழைத்துத் தன் பெயரையும் ஊரையும் சொல்வாரா? ‘இது எங்கே பதிவாகும், யார் கேட்பார்கள்’ என்று அவர் நினைப்பதில் என்ன தவறு? மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நோயாளியின் விவரங்களை வெளியிடாமல் காக்கும் கடமையைத் தெளிவாகவே சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 115ஆம் பிரிவு. இவற்றைத் திரேஸ்புரத்திலோ சாத்தான்குளத்திலோ தெருவில் நின்று எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். தெரிந்த முகம் சொன்னால்தான் அங்கே காது கேட்கும்.

தொலைபேசியில் நடத்தும் சிகிச்சை பலன் தருமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஓரளவு நேரான பதில் தருகின்றன. 2012இல் டேவிட் மோர் குழுவினர் சிகாகோவில் மனச்சோர்வு உள்ள 325 பேரிடம் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே வகைச் சிந்தனை-நடத்தை சிகிச்சையைப் பாதிப் பேருக்கு நேரிலும் மீதிப் பேருக்குத் தொலைபேசியிலும் கொடுத்தார்கள். நேரில் வந்தவர்களில் மூவரில் ஒருவர் நடுவில் நின்றுவிட்டார். தொலைபேசியில் ஐவரில் ஒருவர்தான் நின்றார். சிகிச்சை முடிந்த அன்று இரு தரப்பும் ஒரே அளவில் தேறியிருந்தன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நேரில் வந்தவர்கள் சற்று மேலான நிலையில் இருந்தார்கள். ஆக, தொலைபேசி ஆளை விடாமல் பிடித்துவைக்கிறது. பலனை நிலைக்கவைக்க வேறொன்றும் தேவைப்படுகிறது. இந்த ஆய்வை இரு தரப்பாரும் தமக்கு வேண்டிய பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இரண்டு பாதியும் சேர்ந்துதான் முக்கியம்.

அந்த வேறொன்று என்ன என்பதற்குக் கோவாவில் விடை இருக்கிறது. அங்கே ‘சங்காத்’ அமைப்பும் விக்ரம் படேல் குழுவினரும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு மருத்துவப் படிப்பே இல்லாத உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தினார்கள். முறை எளியது. மனம் தேறியபின் வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னச் சின்ன வேலையாக எடுத்துச் செய்யவைப்பது. செய்யச் செய்ய மனம் தேறும். 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவின்படி, மூன்று மாதத்தில் இந்த ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள்; வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய திட்டத்தில், ஊர்ப் பாட்டிமார்கள் சுகாதார நிலையத்துக்கு வெளியே மரப் பலகையில் உட்கார்ந்து இதே போன்ற வேலையைத்தான் செய்தார்கள்.

நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்நேகா’, ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்தவர்களிடம் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை அனுப்பியது. பின்னர் தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம்களில், முகாமிலேயே வாழும் தன்னார்வலர்களைக் கொண்டு, தற்கொலை ஆபத்தில் இருப்போரைத் தொடர்ந்து சந்திப்பதும், நெருக்கடி நேரத்தில் யாரை நாடுவது என்று எழுதிய அட்டையைக் கையில் கொடுப்பதுமாக ஒரு முறையைச் சோதித்தார்கள். 2017இல் வந்த அதன் முடிவுகள் நம்பிக்கையூட்டுபவை. அகதி முகாமில் கதவைத் தட்டியவர் அடுத்த வரிசை வீட்டுக்காரர். அதே குடிசைக் கூரை, அதே பதிவுத் தாள், அதே வரிசை. அந்த அட்டையில் 14416 என்ற எண்ணை இன்று சேர்த்துக்கொள்ளலாம். அட்டையைக் கொண்டுவந்து கொடுக்கும் கையை எண் கொடுக்காது.

வழிபாட்டுத் தலங்களை ஒதுக்கிவிட்டு இந்தக் கரையில் மனநலம் பேச முடியாது. புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும் உவரிக்கும் ஏர்வாடிக்கும் நோயாளிகளை அழைத்துவரும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. 2002இல் ரகுராம் குழுவினர் தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர்க் கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். சில வாரத் தங்கலில், எந்தச் சடங்கும் மருந்தும் இல்லாமலே, அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. அடிக்காத, கட்டிப்போடாத, வேலையும் சோறும் கொடுத்துத் தங்கவைத்த இடம் என்பதே காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஏர்வாடியில் பின்னாளில் மருந்தும் பிரார்த்தனையும் கைகோக்கும் ‘தவா-துவா’ முறை கொண்டுவரப்பட்டது: தர்காவுக்கு வருபவரைத் தடுக்காமல், அங்கேயே மனநல மருத்துவரையும் பார்க்கவைப்பது. சங்கிலியைத் தடை செய்ததற்கு அடுத்து, அந்தக் கரையில் நடந்த மிக நல்ல காரியம் இது என்பேன்.

தூத்துக்குடிக் கரைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. ஊருக்கு ஊர் பங்குக் கோயிலை ஒட்டி ஓர் அறை உண்டு. காயல்பட்டினத்தில் பள்ளிவாசல்களும் பொதுநலச் சங்கங்களும் உண்டு. கடலோரச் சுகாதார நிலையங்கள் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் பேச, நல்ல இணைய இணைப்போடு வாரம் இரண்டு நாள் ஓர் அறையைத் திறந்துவைத்தால் அந்த உப்பளப் பெண்ணுக்கு இடம் கிடைத்துவிடும். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வரலாம். எதற்குப் போனாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த ஆளாக ஆகக்கூடியவரும் ஏற்கனவே இருக்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டு நடப்புத் தெரியும். மீன்பிடித் தடைக்காலத்தில் கட்டிலில் படுத்திருக்கும் ஆணைப் பார்த்து அவர்கள் நோய் என்று நினைக்க மாட்டார்கள். தடை முடிந்து எல்லாப் படகும் இறங்கியபின்னும் படுத்தே கிடப்பவரைப் பார்த்தால் கவலைப்படுவார்கள். சென்னையில் இருக்கும் ஆலோசகருக்கு இந்த வேறுபாடு தொலைபேசியில் பிடிபடாது. இந்தப் பெண்களுக்குக் கோவா முறையில் பயிற்சி கொடுத்து, வாரத்துக்கு ஒருமுறை மருத்துவக் கல்லூரி மனநலத் துறையினர் காணொளியில் அவர்களோடு பேசி, சிக்கலான வீடுகளைப் பற்றிக் கேட்டு வழிகாட்ட வேண்டும். திரையை மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவில் வைப்பதைவிட, மருத்துவருக்கும் இந்தப் பெண்ணுக்கும் நடுவில் வைப்பதில் கூடுதல் பலன் இருக்கிறது. ஒரு மருத்துவரின் ஒரு மணி நேரம் பத்து ஊருக்குப் போய்ச் சேரும்.

அவர்கள் தலையில் இன்னொரு சுமையை இலவசமாக ஏற்றக் கூடாது. ஊக்கத்தொகை என்ற பெயரில் சிறு தொகை வாங்கிக்கொண்டு வெயிலில் நடக்கும் பெண்களிடம், தற்கொலை எண்ணத்தில் இருப்பவரின் கதையைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சமையுங்கள் என்று சொல்வது கொடுமை. கேட்பவரின் மனத்துக்கும் கேட்க ஆள் வேண்டும். அதற்குச் சம்பளமும் வாராந்திரக் கலந்துரையாடலும் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். மருந்தும் அப்படித்தான். மனநல மருத்துவர் காணொளியில் எழுதும் மருந்து வேம்பார்ப் பக்கத்துச் சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். 2020இல் வந்த தொலைமருத்துவ நடைமுறை நெறிகள் எந்த மருந்தை எந்த நிலையில் தொலைவிலிருந்து எழுதலாம் என்று பட்டியல் தந்துவிட்டன. சட்டத் தடை பெரிதாக இல்லை.

எப்போது தொடங்குவது என்பதற்குக் கரையின் நாட்காட்டியே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணம் அரசு கொடுக்கிறது. மழை தொடங்கியதும் உப்பளம் நின்றுவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி மாவட்டமே மூழ்கியதும் அந்த வேலையில்லாக் காலத்தில்தான். கடன் பெருகுவதும், குடி கூடுவதும், வீட்டில் அடிதடி நடப்பதும் இந்த மாதங்களில்தான். ஆண்களும் பெண்களும் பகலில் வீட்டில் இருப்பதும் இந்த மாதங்களில்தான். யார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்ற பெயர்ப் பட்டியல் நிவாரணம் கொடுப்பதற்காக ஏற்கனவே அரசிடம் இருக்கிறது. முதல் ஆண்டில் தருவைகுளத்துக்கும் வேம்பாருக்கும் அந்தப் பட்டியலோடு நான்கு பெண்கள் போனால் போதும். இரண்டு மாதத்தில் எல்லா வீட்டுக்கும் ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டு வந்துவிடலாம்.